பிள்ளைத்தாடி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது நாலு. மற்ற இரண்டும் என் கொழுந்தனாருடைய தாயில்லாப் பிள்ளைகள். யார் கேட்டாலும் ஆறு என்றுதான் சொல்வேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் இதை என் கையாலேதான் எழுதுகிறேன். ஒரு வரி எழுதிவிட்டு எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து அடுத்த வரி எழுதுகிறேன். எனக்கு என்ன அவசரம்?

என் மூத்தவன் மகனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. சவரப் பைத்தியம். கோயம்புத்தூர்க் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை, என் வீட்டிலிருந்தே பார்க்கிறான். அவன் வயதுப் பையன்கள் கடைக்குப் போய் நாற்காலியில் சாய்ந்து படுத்து முகத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இவனுக்கு அது ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரஷ்ஷை வெந்நீரில் ஊற வைப்பான். சந்தன வாசம் அடிக்கிற சோப்பைக் கிண்ணத்தில் போட்டு, தயிர் கடைகிற மாதிரி நிதானமாகக் கடைவான். ரேசர் மட்டும் ஒரு அலமாரி நிறைய வைத்திருக்கிறான். அவன் அப்பனை விட வயதானது ஒன்று. அடிப்பக்கம் திருகினால் பிளேடு கூடக் குறையக் கடிக்கிற மாதிரி ஒன்று. எவர்சில்வரில் உலக்கைக் குட்டி கனத்துக்குப் புதுசு ஒன்று. அவன் சவரம் முடித்து வருவதற்குள் நான் சோறு வடித்து விடுவேன்.

“என்னையப் பாத்ததை விட கண்ணாடியப் பாத்ததுதான் அதிகம் அப்பத்தா” என்று அவன் பெண்டாட்டி சொல்லிச் சிரிக்கும்.

அந்தப் பிள்ளை உண்டானது. மாசமாக இருக்கிறவள் புருசன் முகத்தில் கத்தி படக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கம்பத்திலிருந்து அவன் மாமியார் போனில் ஒரு வார்த்தை சொன்னாள். இவன் கேட்க மாட்டான் என்றுதான் நினைத்தேன். கேட்டுக்கொண்டான். தாடி வளர்ந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு ரேசராக எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மறுபடி அதனதன் இடத்தில் வைப்பான். பட்டினி கிடக்கிறவன் பாத்திரம் துலக்குகிற மாதிரி இருக்கும் எனக்கு.

போன மாதம் கம்பத்தில் பெண் குழந்தை பிறந்தது. பார்த்துவிட்டு வந்த கையோடு, என் ட்ரங்குப் பெட்டியில் கிடந்த என் அய்யாவின் பழைய சவரப் பெட்டியைக் கேட்டான். அய்யா என்றால் என்னைப் பெற்றவர். எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

“இந்தத் தாடிய அவுக ரேசர்லதான் எடுக்கணும் அப்பத்தா. அலமாரியில எத்தனை இருந்தாலும் இது மாதிரி வருமா?”

கொடுத்தேன். கொடுத்துவிட்டு, “பிரஷ்ஷை எங்கிட்டக் குடு. சோப்பு நான் போடுறேன்” என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தான். கொடுத்தான். நான் கன்னத்தில் தொடங்கி, தாடைக்கு இறங்கி, மயிரை எதிர்த்து மேலே ஏற்றி, நுரை வேர் வரைக்கும் போகிற மாதிரி சுற்றிச் சுற்றிப் போட்டேன். “இது எங்கன கத்துக்கிட்ட?” என்று கேட்டான். சொல்லவில்லை. மாசமாக இருக்கிற பெண் உள்ள குடும்பத்தில் சொல்லக் கூடாத கதை என்று அத்தனை நாளும் வாயைக் கட்டி வைத்திருந்தேன். அன்றைக்கும் வாய் வரவில்லை. இப்போது குழந்தைக்கு முப்பதாம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது. நன்றாகக் குடிக்கிறது, நன்றாகக் கத்துகிறது. இனிச் சொல்லலாம்.

எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். சுருளிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். இப்போது திராட்சைப் பந்தலாகக் கிடக்கிற இடமெல்லாம் அப்போது நெல் வயல். அய்யா சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வந்தவர். வரும்போது ஒரு கம்பளியும் ஒரு தகரப் பெட்டியும் கொண்டு வந்தார். கம்பளியை அம்மா எடுத்துக்கொண்டாள். தகரப் பெட்டிதான் சவரப் பெட்டி. உள்ளே பித்தளை ரேசர். கைப்பிடியைத் திருகினால் மூன்று துண்டாகக் கழன்று வரும். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பிளேடு, ஒரு துண்டு படிகாரம், கைப்பிடி விரிசல் விட்டு நூல் சுற்றிக் கட்டிய பிரஷ், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. சோப்புக்கு மட்டும் எங்கள் ஊர்ச் சிரட்டை.

ஊரில் ஆம்பளைகள் எல்லாரும் மருத்துவர் முன்னால் குத்தவைத்துத்தான் முகம் வழித்துக்கொள்வார்கள். ஊருக்குச் சவரம் செய்கிறவரை எங்கள் பக்கம் மருத்துவர் என்பார்கள். அவர் வீட்டம்மாதான் ஊர்ப் பிரசவமெல்லாம் பார்க்கிற மருத்துவச்சி. அய்யா தலைமுடிக்குத்தான் அவரிடம் போவார். முகத்தைத் தானே வழித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில், கொல்லையில் முருங்கை மரத்தடியில், மணை போட்டு உட்கார்ந்து.

கண்ணாடி பிடிக்கிறது என் வேலை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மூச்சைக் கூட அடக்கி நிற்பேன்.

“அசையாத தாயி. நீ அசைஞ்சா என் மூக்கு போயிரும். மூக்கில்லாத அப்பனக் கூட்டிக்கிட்டு நீ தேருக்குப் போக முடியுமா?”

ரேசர் நுரையை வழித்துக்கொண்டு இறங்கும்போது காய்ந்த ஓலையை நகத்தால் கீறுகிற மாதிரி சன்னமாக ஒரு சத்தம் வரும். வெள்ளை நுரைக்கு நடுவில் பாதை பாதையாக அய்யா முகம் வெளியே வரும். கடைசியில் பிளேடைக் கழற்றி வைத்துவிட்டு, என் இரண்டு கன்னத்திலும் விரலால் நுரை தடவி, வெறும் ரேசரை என் கையில் கொடுப்பார். நானும் வழித்துக்கொள்வேன். அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துவிட்டு, “அப்பனும் மகளும் பொண்ணு பாக்கப் போறாக போல. வெத்தல பாக்கு எடுத்து வைக்கவா?” என்பாள்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. அந்தப் பிரஷ்ஷைப் பிடித்து நானே அய்யாவுக்குச் சோப்பு போட வேண்டும். கேட்டால், “அது சர்க்கார் சொத்து. பட்டாளத்துல சேரு, தாரேன்” என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கண்ணாடிக்காகப் போய் நிற்கிறேன், பரணையிலிருந்து பெட்டி இறங்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. அய்யா முகத்தில் முள் முளைத்தது. முத்தம் கொடுத்தால் குத்தியது. ஏன் என்று கேட்டேன்.

“உனக்குத் தம்பியோ தங்கச்சியோ வரப் போகுதுல்ல. வந்த பெறகுதான் சவரம்.”

“அது வந்தா வரட்டும். ஒங்க மூஞ்சி என்ன பண்ணுச்சு?”

எனக்குப் பிறகு அம்மாவுக்கு வெகுகாலம் ஒன்றும் தங்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. அம்மா பூமாதிரி நடந்ததும், கனத்த குடத்தை அய்யாவே தூக்கியதும் எனக்கு விளங்கவில்லை. பட்டாளத்தில் ஒருநாள் முகம் வழிக்காவிட்டால் தண்டனை என்று பெருமையாகச் சொல்லுகிற மனுசன். ஊர் வழக்கம் எதையும் அவ்வளவாக மதிக்காதவர். “நம்பிக்கை இல்லன்னா வழிச்சுக்கங்க, ஊருக்காக ஒண்ணும் வளக்க வேணாம்” என்று அம்மா சொன்னதற்கு, “நம்பிக்கை இருக்கோ இல்லையோ புள்ள, பயம் இருக்கு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சண்டைக்குப் போனவருக்கு என்ன பயம்?

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்ததைப் பார்த்துத்தான் அந்த வாக்கைக் கொடுத்தார்.

“தாடிய எடுக்கிற அன்னைக்கு நீதான் சோப்பு போடணும். பிரஷ்ஷு உன் கையில. சரியா?”

“சர்க்கார் சொத்துன்னீக?”

“சர்க்காருக்குச் சொல்லிக்கிடலாம்.”

அன்றிலிருந்து எனக்கு அந்தத் தாடியின் மேல் பிரியம் வந்துவிட்டது. சீக்கிரம் வளர்ந்தால் சீக்கிரம் எடுப்பார் என்று என் கணக்கு. அய்யாவுக்குத்தான் கைகள் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெட்டியை எடுத்து, பிளேடைக் கண்ணாடி டம்ளருக்குள் வைத்து இரண்டு விரலால் அழுத்தி முன்னும் பின்னும் தேய்ப்பார். மழுங்கினது கூராகும், துருவும் ஏறாது. தேய்த்துவிட்டுக் கன்னத்தைத் தடவிக்கொள்வார். மறுபடி காகிதத்தில் சுற்றி வைப்பார். பேரன் அலமாரியைத் திறந்து மூடியபோதெல்லாம் எனக்கு அந்த டம்ளர் சத்தம்தான் கேட்டது.

ஆனால் அந்தத் தாடிக்கு இன்னொரு பாத்தியக்காரர் இருந்தார். பிள்ளை பிறந்ததும் தகப்பனுக்கு முதல் சவரம் மருத்துவர்தான் செய்ய வேண்டும். அதற்குப் புது வேட்டியும் மரக்கால் நெல்லும் கொடுப்பார்கள். அவருக்கு அது பெருமை. அதிலும் எங்கய்யா தாடை இத்தனை வருசமாக அவர் கைக்குச் சிக்காத தாடை.

அவரை நான் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். நெட்டையான மனுசர். எங்கள் வாசல் வழியாகப் போகும்போது அய்யா தாடியை, பக்கத்துக் காட்டுக்காரன் விளைச்சலைப் பார்க்கிற மாதிரி நின்று பார்ப்பார்.

“வெள்ளாம நல்லா வந்திருக்கு பட்டாளத்தாரே. களை எடுக்க வேணாம், உரம் வைக்க வேணாம். அறுப்பு மட்டும் நம்ம கை.”

“அறுப்பு உமக்கு. சோப்பு என் மகளுக்கு. வாக்குக் குடுத்திட்டேன்.”

“சோப்பா? எதுக்கு, வேட்டியா வெளுக்கப் போறோம்? ஒரு கை தண்ணி தொட்டா என் கத்தி வழிச்சிட்டு வந்திரும். இது பிள்ளைத்தாடி. இதுல பட்டாளத்து மிசினெல்லாம் படக் கூடாது.”

எனக்கு அழுகை முட்டியது. அவர் அதைக் கண்டுகொண்டார். பிறகு என்னை எங்கே பார்த்தாலும் விட மாட்டார். வாய்க்கால் கரையில் நான் போனால், அந்தக் கரையில் யாருக்கோ தலை மழித்துக்கொண்டிருந்தாலும் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்துவார்.

“ஏ தாயி! என் தாடி எப்படி இருக்கு?”

“அது ஒங்க தாடி இல்ல. எங்கய்யா தாடி!”

“வளக்கிறவுகதான் உங்கய்யா. சொத்து என்னுது. புள்ள அழுகுற சத்தம் கேட்டதும் நான் வாசல்ல வந்து நிப்பேன். நீ வாயைப் பெளந்து தூங்கிக்கிட்டுக் கெடப்ப.”

“நான் தூங்க மாட்டேன்!”

“பாப்போம், யாரு செயிக்கிறாகன்னு.”

தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு அது சிரிப்பில்லை. ராத்திரி படுத்தால் அந்த மனுசர் கத்தியோடு வாசலில் நிற்கிறது கண்ணுக்குள் வரும்.

ஐப்பசி மாதம். ஒருநாள் சாயங்காலம் மருத்துவச்சி எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைப் பக்கத்துத் தெருவில் இருந்த சின்னம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு விசயம் புரிந்துவிட்டது. இன்றைக்கோ நாளைக்கோ தாடி போகப் போகிறது, என்னைத் தூரத்தில் தள்ளி வைக்கிறார்கள். போவதற்கு முன்னால் பரணையில் இருந்த சவரப் பெட்டியைத் திறந்து பிரஷ்ஷை மட்டும் எடுத்துப் பாவாடைக்குள் சொருகிக்கொண்டேன். பிரஷ் என்னிடம் இருக்கும்போது எவர் வந்து என்ன செய்ய முடியும்? மருத்துவருக்குப் பிரஷ்ஷே தேவையில்லை என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. அதைத் தலைக்கு அடியில் வைத்துத்தான் படுத்தேன். ராத்திரி நல்ல மழை. தூங்க மாட்டேன் என்று சொன்னவள் தூங்கிப்போனேன்.

விடிந்து கண் முழிக்கையில் அய்யா வாசலில் நிற்கிறார். தலை நனைந்திருந்தது. வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. கையில் மண்வெட்டி, அதன் வாயில் புது மண் அப்பியிருந்தது. தாடி அப்படியே இருந்தது. நான் பார்த்தது தாடியைத்தான். வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். விடிய விடிய மழை பெய்த மறுநாள் யார் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போவார்கள்? அதையெல்லாம் யோசிக்கிற வயது எனக்கில்லை.

“பிரஷ்ஷு எங்க தாயி?” என்றார்.

எடுத்துக் காட்டினேன்.

“வா. சோப்பு போடு.”

சின்னம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அய்யாவுக்கு முன்னால் ஓடினேன்.

வீட்டில் உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. மருத்துவச்சி கொல்லையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டால் வாய் ஓயாமல் பேசுகிறவள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அய்யா முருங்கை மரத்தடியில் மணையைப் போட்டார். தாடி நீளமாக இருந்ததால் முதலில் கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கினார். ஈர மண்ணில் கொத்துக் கொத்தாக மயிர் விழுந்தது. ஒரு கோழி வந்து கொத்திப் பார்த்துவிட்டு ஏமாந்து போனது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சிரட்டையில் சோப்பைக் குழைத்து என் முன்னால் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். போட்டேன் பாருங்கள் சோப்பு. கன்னம், கழுத்து, காது, புருவம், ஒன்று விடவில்லை. எங்கும் நுரை. “வேரு வரைக்கும் போகணும் தாயி. மயிரை எதுத்துப் போடு” என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். எதிர்த்துப் போட்டேன். கை வலித்தது. வலிக்க வலிக்கப் போட்டேன். போதும் என்று அவர் சொல்லவே இல்லை. கண்ணை மூடினவர் மூடினபடி முகத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

ரேசரை எடுத்ததும் நான் வழக்கம்போலக் கண்ணாடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

“கண்ணாடி வேணாம்.”

“கண்ணாடி இல்லாம எப்படி?”

“கை அறியும் தாயி. அத அங்கிட்டு வச்சிரு.”

பட்டாளத்துக்காரர்களுக்குக் கண்ணாடி கூட வேண்டாம் போல என்று எனக்கு ஒரே பெருமை. இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்து வழித்தார். மோவாயில் ஒரு இடத்தில் வெட்டிக்கொண்டார். நுரை சிவந்தது. படிகாரத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். முகத்தைக் கழுவித் துடைத்தபோது மேல்பாதி வெயில் பார்த்த நிறமாகவும் கீழ்ப்பாதி வெளுத்தும் இருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. இருந்தால் என்ன? அது எங்கய்யா. இரண்டு கையாலும் அந்தக் கன்னத்தைப் பிடித்து என் கன்னத்தோடு தேய்த்தேன். குத்தவில்லை.

அதற்குமேல் எனக்கு அங்கே நிற்க முடியுமா? செயித்த சேதியைச் சொல்ல வேண்டாமா? பிரஷ்ஷும் கையுமாக வடக்குத் தெருவுக்கு ஓடினேன். அய்யா கூப்பிட்டது காதில் விழுந்தது. நிற்கவில்லை.

மருத்துவர் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து தோல்வாரில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். வெளுத்த தலைப்பாகை கட்டியிருந்தார். கத்தி, கத்தரியெல்லாம் வைக்கிற அடைப்பம் பக்கத்தில் திறந்து கிடந்தது. வீட்டம்மா முந்தின சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தவள் இன்னும் திரும்பவில்லை. எந்த நேரமும் ஆள் வரும் என்று அவர் காத்திருந்தார்.

“தாத்தா! எங்கய்யா தாடிய எடுத்தாச்சு! நான்தான் சோப்புப் போட்டேன். நீங்க தோத்துட்டீக!”

தோல்வாரில் கத்தி நின்றது.

“எடுத்தாச்சா?” என்றார். “யாரு எடுத்தது?”

“அய்யாதான். அவுக ரேசர்ல.”

“நீ கண்ணாடி பிடிச்சியா?”

“கண்ணாடி வேணாம்னுட்டாக. கண்ணாடி இல்லாமலே எடுத்தாக!”

என்னையே பார்த்தார். என் கன்னத்தில் காய்ந்திருந்த நுரையைப் பார்த்தார். பிறகு கத்தியை மடக்கினார். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஆமா தாயி. நீதான் செயிச்ச. நான் தோத்துட்டேன்.”

அவர் சண்டைக்கு வருவார், இல்லை என்பார், நான் பிரஷ்ஷைக் காட்டி அடித்துச் சொல்வேன் என்றெல்லாம் ஓடி வந்தவள் நான். இவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனாலும் செயிச்சது செயிச்சதுதானே. அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு நடந்தார். தெருவில் யாரோ, “என்ன, பட்டாளத்தார் வீட்டுல வேட்டி ரெடியா?” என்று கேட்டதற்கு அவர் நடையை எட்டிப் போட்டார். நான்தான், “வேட்டி கெடையாது, நான் செயிச்சிட்டேன்!” என்று கத்தினேன்.

அய்யா மணையிலேயே உட்கார்ந்திருந்தார். மருத்துவர் எதிரே குத்தவைத்தார். மருத்துவர் கையை நீட்டி, அய்யாவின் காதுக்குக் கீழே தொட்டார்.

“இங்கன கொஞ்சம் விட்டுப்போச்சு பட்டாளத்தாரே.”

கண்ணாடி பார்க்காததால் அந்த இடத்தில் ஒரு கொத்து நின்றிருந்தது. மருத்துவர் கை நனைத்து அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் தொட்டார். கத்தியை விரித்தார். “தோத்தவுக தொடக் கூடாது!” என்று நான் குறுக்கே போய் விழுந்தேன். “கொஞ்சூண்டுதான் தாயி, இந்த இடம் மட்டும் தாத்தாவுக்கு விட்டுக்குடு” என்றார் அவர். கத்தி கழுத்துக்கிட்டே போனபோது அய்யாவின் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. கத்தி பக்கத்தில் இருக்கும்போது அசையக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அசைகிறார். மருத்துவர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு ஒரே இழுப்பில் வழித்துவிட்டு, எழுந்து, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

உள்ளறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முந்தானையால் என் கன்னத்து நுரையைத் துடைத்துவிட்டாள்.

“நல்லாப் போட்டியா சோப்பு?”

“காது வரைக்கும் போட்டேன்.”

“அய்யா மொகம் எப்படி இருக்கு?”

“பழையபடி ஆயிருச்சு.”

“ம்” என்றாள். என்னை இழுத்து அணைத்துக்கொண்டு படுத்தாள். அம்மா சேலையின் மாரெல்லாம் ஈரமாக இருந்தது. ராத்திரி மழையில் கூரை ஒழுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தம்பி எங்கே என்று கேட்டேன்.

“வந்தான். போயிட்டான்.”

வந்து போனவன் மறுபடி வருவான்தானே. விருந்தாளிகள் அப்படித்தானே. வரட்டும், அய்யா மறுபடி தாடி வளர்க்கட்டும், மறுபடி நான் சோப்பு போடுகிறேன் என்று யோசித்துக்கொண்டே அம்மாவின் ஈரச் சேலையில் தூங்கிப்போனேன்.

அன்றைக்குப் பிறகு பிரஷ் என் கைக்கே வந்துவிட்டது. கேட்க வேண்டியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அய்யா மணையைப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார், நான் போடுவேன். கண்ணாடியும் பிடிப்பேன். வாராவாரம் கன்னம் வழுவழுவென்று இருக்கும். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டால் மட்டும் அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வாசல் பக்கம் போய்விடுவாள். வெத்தலை பாக்குப் பேச்சு அதோடு நின்றுவிட்டது. அம்மாவுக்குச் சோப்பு வாசம் பிடிக்காமல் போய்விட்டது என்று எண்ணினேன்.

நான் வாக்கப்பட்டுப் போகிற வரைக்கும் ஒரு ஞாயிறும் தப்பவில்லை. அய்யா தாடி வளர்க்கவே இல்லை. நல்லதாகப் போச்சு என்று இருந்தேன்.

எனக்கு முதல் பிள்ளை பிறந்து பால் கட்டி என் சேலை நனைந்த அன்றைக்குத்தான் அந்தக் கூரை ஒழுகவில்லை என்று தெரிந்தது. மண்வெட்டியில் இருந்தது எந்த மண் என்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறந்த பிள்ளை அழவே இல்லை. மழையோடு மழையாக அதை எங்கள் வயலோரம் கொண்டுபோய் வைத்துவிட்டு, கை கால் கழுவின ஈரத்தோடு, மகளுக்குக் கொடுத்த வாக்கைத் தேடி வந்து நின்றிருக்கிறார் மனுசன். வேறு எதைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் அதையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தாரோ என்னவோ. கேட்கவில்லை. கேட்டால் சொல்லுகிற ஆளும் இல்லை.

அதையெல்லாம் கூடத் தாங்கிக்கொண்டேன். என் மனசில் இன்னும் கிடக்கிறது அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான். அந்த வழுவழுப்பான கன்னத்தைத் தொட்டுத் தொட்டு நான் சந்தோசப்பட்டேன். இந்த வாரமும் இல்லை, இந்த வாரமும் இல்லை என்று அந்தக் கன்னம் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் யாருக்கும் தாடி வேண்டாம் என்று நினைத்திருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் அதற்காக எவ்வளவு ஏங்கியிருப்பார்கள்!

அய்யா போன பிறகு நான் வேண்டுமென்று எடுத்து வந்தது அந்தத் தகரப் பெட்டி ஒன்றைத்தான். பிரஷ்ஷில் மயிர் பாதி கொட்டிவிட்டது. ரேசர் அப்படியே இருக்கிறது. பேரன் அதைத் தேய்த்துப் பொன் மாதிரி ஆக்கிவிட்டான்.

அம்புட்டுத்தான் கதை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. குளியலறையில் அவன் கிண்ணத்தில் சோப்புக் கடைகிற சத்தம் கேட்கிறது. எழுதினதை என் கண்ணே இப்போது வாசிக்க மாட்டேன் என்கிறது.

ஏலே, பிரஷ்ஷ வச்சிட்டு இங்கன வா. முகத்துல நுரை இருந்தா இருக்கட்டும். உன் மக போட்டோவ எடுத்து இப்படி என் முன்னால வையி. வச்சிட்டு, இத மொத வரியில இருந்து ஒருக்கா வாசி. நான் கேக்கணும்.